ஒரே ஒரு டெஸ்ட்

மாட்டுங்காவில் என் கடைக்கு வந்து கிரிக்கெட் பேசும் பிள்ளைகளிடம் எம்.ஜே. கோபாலனைக் கேட்டால் விழிக்கிறார்கள். இந்திய மண்ணின் முதல் டெஸ்ட் 1933 டிசம்பரில் நம் பம்பாய் ஜிம்கானாவில் நடந்தது. அடுத்தது 1934 ஜனவரியில், கல்கத்தாவில். அதில் ஆடினார் சென்னைக்காரர் கோபாலன். ஆட்டமிழக்காமல் 11, பிறகு 7, விக்கெட் ஒன்று. அவ்வளவுதான், மறு டெஸ்ட் வாய்க்கவேயில்லை. அதே நவம்பரில் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவரும் அவரே.

ஹாக்கியிலும் சூரர், 1935இல் தியான்சந்தோடு நியூசிலாந்து போய் வந்தவர். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கா, கிரிக்கெட் அணியோடு இங்கிலாந்தா என்று வந்தபோது இங்கிலாந்துக்குப் போனார். அங்கே ஒரு டெஸ்டிலும் இறக்கவில்லை. ஹாக்கி அணியோ தங்கத்தோடு திரும்பியது! வியாபாரி புத்தி, இதை நஷ்டக் கணக்கில்தான் வெகுநாள் வைத்திருந்தேன். ஆனால் 1952-53 தொடங்கி சென்னையும் இலங்கையும் மோதிய கோப்பைக்குக் கோபாலன் பெயரைத்தான் வைத்தார்கள். அதை எந்தப் பத்தியில் எழுதுவது?