பயண அட்டையின் கதை



பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடிபுகும் தமிழர் முதலிற் கற்கும் அயல்மொழிச் சொற்கள் பெரும்பாலும் வழி கேட்பதற்கும் விலை கேட்பதற்கும் உரியவையே. பேருந்தில் ஏறி, இறங்கவேண்டிய இடத்தின் பெயரை நடத்துனருக்கு விளங்குமாறு சொல்லி, அவர் கூறும் கட்டணத்தைப் புரிந்துகொண்டு, சரியான சில்லறையை எடுத்து நீட்டுவதற்குள் நம்மவர் படும் பாடு நாம் அறியாததன்று. தில்லிக் கரோல் பாக்கிலும், மும்பை மாதுங்காவிலும், கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியிலும் வாழ்ந்த நம் முன்னோர் இத்தொல்லையைக் கடந்தே நிலைபெற்றனர். இன்றோ ஒரு சிறிய அட்டையை மெட்ரோ நிலையத்து வாயிலில் காட்டிய அளவிலே கதவு திறந்துவிடுகிறது. ஒரு சொல்லும் பேசவேண்டுவதில்லை. இவ்வட்டை எங்ஙனம் தோன்றியது, நம் நாட்டில் எங்ஙனம் பரவியது, யாருக்கு அது வழிவிடுகிறது, யாரை அது நிறுத்திவைக்கிறது என்பவற்றைச் சிறிது ஆராய்வோம்.

பயணச்சீட்டு என்பது பணம் செலுத்தியதற்குச் சான்று. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தில் தாமஸ் எட்மண்ட்சன் என்ற நிலைய அதிகாரி, வரிசை எண் அச்சிட்ட கெட்டி அட்டைச் சீட்டுகளை வகுத்தார். விற்ற சீட்டுக்கும் பெற்ற பணத்துக்கும் கணக்கு ஒத்திருக்கவேண்டும் என்பதே அவருடைய நோக்கம். அச்சீட்டு உலகெங்கும் பரவி, நம் நாட்டு ரயில் நிலையங்களிலும் நெடுங்காலம் வழங்கியது. எனினும், அதனை வாங்க ஒருவர் கேட்கவேண்டும், மற்றொருவர் கொடுக்கவேண்டும், வேறொருவர் சரிபார்க்கவேண்டும். ஆக, ஒவ்வொரு பயணமும் சிலரோடு பேசியே முடியவேண்டியிருந்தது.

இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் 1984ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் கொல்கத்தாவில் ஓடத் தொடங்கியது. அங்கே காந்தப் பட்டை பொருத்திய சீட்டுகள் பல ஆண்டுகள் வழங்கின. பயணி சீட்டைப் பொறியின் வாயிற் செருகுவார். பொறி அதைப் படித்து மறுபுறம் வெளித்தள்ளும். ஆனால், செருகுதலும் உருட்டுதலும் உள்ள இடத்தில் தேய்மானமும் உண்டு. தூசியும் ஈரமும் பொறியைக் கெடுக்கும். சீட்டு மடிந்துபோனால் வாயில் திறவாது. இக்குறைகளை நீக்க, பொறியைத் தீண்டாமலே செய்தி சொல்லும் ஒரு சீட்டு தேவையாயிற்று.

அதற்கு வழிகாட்டியது மைக்கேல் பாரடே 1831இல் கண்டறிந்த மின்தூண்டல் உண்மையே. மாறுகின்ற காந்தப்புலத்தில் ஒரு கம்பிச் சுருளை வைத்தால் அதில் மின்னோட்டம் பிறக்கும். பயண அட்டையின் உள்ளே இத்தகைய மெல்லிய சுருளொன்றும், அதனோடு இணைந்த சிறு சிலிக்கன் சில்லும் உள்ளன. மின்கலம் ஏதும் இல்லை. வாயிற்பொறி ஓயாது பரப்பும் புலத்திற்குள் அட்டை வந்தவுடன், சுருளில் மின்சாரம் பிறந்து சில்லு விழித்துக்கொள்கிறது. தன் எண்ணையும் இருப்பையும் மறைகுறி மொழியிலே அறிவிக்கிறது, புதிய இருப்பை எழுதிக்கொள்கிறது, பின்னர் உறங்கிவிடுகிறது. இத்தனையும் ஒரு நொடிப்பொழுதிற்குள் நிகழ்ந்து முடிகின்றன. பத்து சென்டிமீட்டர் அளவிற்கு மேல் விலகிவிட்டால் இவ்வுரையாடல் நடவாது. கூட்டத்தில் நிற்கும் பிறர் அட்டைகளை வாயில் தவறிப் படித்துவிடாமைக்கு இக்குறுகிய தொலைவே காவலாகும்.

இவ்வகை அட்டை கிழக்காசிய நகரங்களிலேதான் முதன்முதலாகப் பெருவழக்கிற்கு வந்தது. தென்கொரியத் தலைநகராகிய சியோலில் 1996இல் பேருந்துகளுக்கு இத்தகைய அட்டை வந்தது. அடுத்த ஆண்டு, 1997 செப்டம்பரில், ஹாங்காங் நகரம் ஆக்டபஸ் அட்டையை வெளியிட்டது. ரயில், பேருந்து, படகு ஆகிய பல நிறுவனங்களின் ஊர்திகளுக்கும் அந்த ஓர் அட்டையே போதுமானதாயிற்று. பின்னர்க் கடைகளும் அதை ஏற்றன. தோக்கியோ நகரில் சுய்க்கா அட்டை 2001இலும், இலண்டனில் ஆய்ஸ்டர் அட்டை 2003இலும் தோன்றின.

நம் நாடு இவ்வரிசையில் பின்தங்கவில்லை என்பது பெருமைக்குரியது. 2002ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், ஷாதராவிற்கும் தீஸ் ஹஸாரிக்கும் இடையே தில்லி மெட்ரோவின் முதற் பகுதியை அந்நாள் பிரதமர் அடல் பிகாரி வாஜ்பாயி தொடங்கிவைத்தார். இலண்டன் ஆய்ஸ்டர் அட்டையைக் காண்பதற்கு முன்னரே, தில்லி மக்கள் பொறியிற் செருகாத அட்டைகளையும் வட்ட வில்லைகளையும் கையிற்கொண்டு வாயில்களைக் கடந்தனர். ஒருமுறை செல்வோர்க்கு வில்லை. நாள்தோறும் செல்வோர்க்கு அட்டை. கொல்கத்தாவும் 2011இல் காந்தச் சீட்டை விடுத்து வில்லைக்கு மாறியது.

ஆயினும், ஒரு தொல்லை தீர்ந்த இடத்தில் வேறொன்று முளைத்தது. பெங்களூரு 2011இலும், மும்பை 2014இலும், சென்னை 2015இலும் மெட்ரோ ரயிலைப் பெற்றன. ஒவ்வொரு நகரமும் தனக்கென ஓர் அட்டையை வெளியிட்டது. தில்லி அட்டை சென்னையிற் செல்லாது. சென்னை அட்டை பெங்களூரில் செல்லாது. பணி மாற்றத்தாலும் பிழைப்பினாலும் ஊர்விட்டு ஊர் செல்லும் நம் போன்றோரின் பையில் அட்டைகள் பெருகின. ஒவ்வொன்றிலும் பயன்படாத சிறுதொகை முடங்கிக் கிடந்தது. நாணயம் நாடெங்கும் செல்லும். நாணயத்திற்கு மாற்றாக வந்த அட்டையோ ஊர் எல்லையைத் தாண்டவில்லை.

இக்குறையை நீக்கவே 2019ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள் அகமதாபாத்தில் தேசியப் பொதுப் பயண அட்டை தொடங்கிவைக்கப்பெற்றது. வங்கிகள் வழங்கும் இந்த அட்டையை, அதனை ஏற்கும் எந்நகரத்து மெட்ரோவிலும் பேருந்திலும் பயன்படுத்தலாம் என்பதே இதன் கொள்கை. தில்லியில் விமான நிலையப் பாதை 2020 டிசம்பரில் இதனை ஏற்றது. சென்னையில் 2023இல் ‘சிங்காரச் சென்னை’ என்னும் பெயரோடு இவ்வட்டை வந்தது. கிண்டியிற் பெற்ற அட்டையைக் கரோல் பாக்கிற் காட்டலாம் என்ற நிலை, ஊர் கடந்து வாழ்வோர்க்குச் சிறிய பேறன்று.

இவ்வளவும் நன்று. ஆயினும், அட்டையின் பெருமையை அதில் பணம் உள்ளபோது அளத்தல் போதாது. பணம் தீர்ந்தபோதும் அளத்தல் வேண்டும். அட்டை என்பது முன்பணம். பயணத்திற்கு முன்னரே நூறோ இருநூறோ கொடுத்துவைக்கத் தக்கவருக்கே அது எளிது. தில்லியில் அட்டையுடையோர்க்குக் கட்டணத்தில் 10 விழுக்காடு தள்ளுபடி உண்டு. இதன் மறுபக்கத்தையும் நோக்குவோம். அன்றன்று கூலி பெற்று, அன்றைய சீட்டை அன்றே வாங்கும் தொழிலாளி, அதே இருக்கைக்கு நம்மினும் மிகுதியாகக் கொடுக்கிறார். ஊருக்குப் புதியவர், மொழி அறியாதவர், வங்கிக் கணக்கைத் தொலைவில் விட்டு வந்தவர் ஆகிய இவர்களே பெரும்பாலும் அந்த வரிசையில் நிற்பவர்கள். பேச்சின் தடையை நீக்கிய அட்டை, பணத்தின் தடையை அவ்விடத்தில் நிறுத்திவிடலாகாது.

பிற நகரங்களின் வரலாறு இங்கு நமக்கு ஒரு பாடம் தருகிறது. ஹாங்காங் அட்டையில் இருப்பு குறைவாயினும், பயணி ஓரளவு கடன்பட்டுப் பயணத்தை முடிக்கலாம். அட்டை வாங்குங்கால் கொடுத்த வைப்புத்தொகை அதற்கு ஈடாக நிற்கிறது. இலண்டன் பேருந்துகள் 2014ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் முதல் ரொக்கப் பணம் வாங்குவதை நிறுத்தின. நாணயம் மட்டுமே உடையவர் இரவில் நடுவழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற கவலை அப்பொழுது எழுந்தது. அதற்கு விடையாக, அட்டையில் கட்டணத்திற்குப் போதிய பணம் இல்லாவிடினும் மேலும் ஒரு பயணம் செல்லும் சலுகை ஏற்படுத்தப்பெற்றது. கையில் சில்லறை குறைந்தபோது, ‘நாளை கொடுங்கள், ஏறுங்கள்’ என்று நல்ல மனம் படைத்த நடத்துனர் சொன்னதுண்டு. அந்தச் சொல்லைப் பொறிக்கும் கற்பிக்க முடியும் என்பதை இவ்விரு நகரங்களும் காட்டியுள்ளன. பொறிக்கு இரக்கம் இல்லை. ஆனால், அதற்குக் கட்டளை எழுதுவோர்க்கு இருக்கலாம் அன்றோ?

நம் நாட்டிலும் நகரந்தோறும் புதிய பாதைகள் நீள்கின்றன. வில்லைகள் மறைந்து, தாளில் அச்சிட்ட குறிகளும் கைப்பேசியும் அவற்றின் இடத்தைப் பற்றிவருகின்றன. மாற்றம் வேண்டாம் என்பது நம் கருத்தன்று. ரொக்கம் பெறும் சாளரம் ஒன்று நிலையந்தோறும் திறந்திருத்தல் வேண்டும். இருப்பற்ற அட்டைக்கும் இறுதியாக ஒரு பயணம் வழங்குதல் வேண்டும். கைப்பணம் கொடுப்பவர் அதன்பொருட்டே மிகுதியாகக் கொடுக்கும் நிலை மாறுதல் வேண்டும். இம்மூன்றும் அமையுமாயின், ஊருக்குப் புதிதாய் வந்திறங்கும் ஏழைத் தொழிலாளியும் நம்மைப்போலவே அவ்வாயிலை ஒரு சொல்லும் பேசாது கடந்து செல்வார். அன்றுதான் பயண அட்டை பொதுவுடைமை என்னும் பெயருக்கு முற்றும் உரியதாகும்.