டிஸ்ட்ரிபியூட்டர் பல்சக்கரம்: உலோகப் பொருத்தம்

மோட்டார் எஞ்சினில் கேம்ஷாஃப்டின் மேல் சாய்வாக வெட்டப்பட்ட பற்களோடு கோத்துக்கொண்டு டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றும் சிறு பல்சக்கரத்தை எந்த உலோகத்தில் தேர்ந்துகொள்வது என்பது, எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவோர் அற்பமென எண்ணிக் கைக்குக் கிடைத்ததைப் போட்டுப் பின்னால் வருந்தும் விஷயங்களில் ஒன்றாகும்.

அமெரிக்காவில் 1955-ஆம் ஆண்டு செவ்ரலே நிறுவனம் வெளியிட்ட சிறிய வி-8 எஞ்சினை உதாரணமாகக் கொள்ளலாம். அதில் கேம்ஷாஃப்டிலும் டிஸ்ட்ரிபியூட்டரிலும் பதின்மூன்று பதின்மூன்று பற்களே உள்ளபடியால், இரண்டும் கிராங்க் ஷாஃப்டின் பாதி வேகத்தில் சமமாகச் சுழல்கின்றன. தீப்பொறியைப் பங்கிடும் வேலை இலேசானதே. ஆனால் டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் அடி நுனியே ஆயில் பம்பையும் சுழற்றுவதால், பல்லின்மீது விழும் மெய்யான பாரம் அந்தப் பம்பினுடையது. கெட்டியான எண்ணெயும் பெரிய பம்பும் சேர்ந்தால் பாரம் இன்னும் மிகும். தண்டுகள் குறுக்காக அமைந்திருப்பதால் பற்கள் உருண்டு செல்லாமல் வழுக்கி உராய்கின்றன. தொடும் இடமோ மிகச் சிறியது. ஆகவே உலோகங்களுக்குள் இணக்கம் இல்லையெனில் ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும்.

தட்டை டேப்பட்டுக்குரிய கேம்ஷாஃப்ட் பெரும்பாலும் வார்ப்பிரும்பாலானது. அதற்கு வார்ப்பிரும்புச் சக்கரமே உரியது. ரோலர் டேப்பட் வந்தபின், உருளையின் அழுத்தத்தைத் தாங்க எஃகுக் கேம்ஷாஃப்ட் அவசியமாயிற்று. சாதாரண வார்ப்பிரும்பு அந்த எஃகோடு நெடுநாள் நில்லாது; எனவே 1985 முதல் ரோலர் டேப்பட் பூண்ட ஃபோர்டு 5 லிட்டர் மஸ்டாங் எஞ்சின்களுக்கு எஃகுச் சக்கரம் தரப்பட்டது. உப்புக் குளியலில் இட்டு மேற்பரப்பில் நைட்ரஜனும் கரியும் ஏற்றி இறுக்கிய சக்கரங்களும் இதே பிரயோஜனத்துக்காக உள்ளன.

வெண்கலச் சக்கரம் எந்தக் கேம்ஷாஃப்டுக்கும் தீங்கு செய்யாது என்னும் பட்டறை அபிப்பிராயம் உண்மையே. ஆனால் அது பாதி உண்மை. வெண்கலம் மிருதுவாக இருப்பதால் தானே தேய்ந்து கேம்ஷாஃப்டைக் காக்கிறது. தேய்ந்த துகள் எண்ணெயில் கலக்கும். பல் மெலிய மெலிய இக்னிஷன் டைமிங் பின்தங்கும். பல் அறுந்தால் ஆயில் பம்பும் நின்று பேரிங்குகள் நாசமாகும். அடிக்கடி பிரித்துப் பார்க்கும் பந்தயக் காருக்கு அது பொருந்தும். தினமும் ஓடும் காருக்கு என் மதிப்பில் உகந்ததன்று. கரி நார் கலந்த பிளாஸ்டிக் சக்கரம் இருவகைக் கேம்ஷாஃப்டுக்கும் இசையும், விலைதான் அதிகம்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. சில எஃகுக் கேம்ஷாஃப்டுகளில் பல் உள்ள பாகம் மட்டும் வார்ப்பிரும்பாகத் தனியே செய்து இறுக்கப்பட்டிருக்கும். அங்கே பார்க்கவேண்டியது பல்லின் உலோகத்தையே, தண்டின் உலோகத்தையன்று.

டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே எடுப்பது ஒரு போல்ட்டைக் கழற்றும் காரியம். கேம்ஷாஃப்டை எடுப்பதற்கோ ரேடியேட்டர் முதல் டைமிங் செயின் வரை எல்லாம் இறங்க வேண்டும். ஆதலால் பூட்டும்போது பற்களில் மாலிப்டினம் பசையைத் தாராளமாகப் பூசி, எஞ்சினைச் சற்று நேரம் ஓடவிட்டு நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டரை உருவிப் பாருங்கள். மினுங்கும் தடம் பல்லின் நடுவே இருந்தால் பொருத்தம் சரி. பல்லின் நுனி கத்தி முனைபோல் கூர்ந்திருந்தால் அந்தச் சக்கரத்தைத் திரும்ப உள்ளே இறக்கலாகாது.