கவசக் காரும் சில அடி தூரமும்

தலைவர்களின் கவசக் கார் வரலாற்றை ஸ்ரீபெரும்புதூரிலிருந்துதான் படிக்க வேண்டும். 1991 மே 21 இரவு மீனம்பாக்கத்திலிருந்து காரில் வந்த ராஜீவ் காந்தி, இறங்கி, மாலைகளையும் சால்வைகளையும் வாங்கிக்கொண்டு மேடையை நோக்கி நடந்தபோதுதான் குண்டு வெடித்தது. 1984இல் இந்திரா காந்தி தம் வீட்டு வளாகத்தில் நடந்துகொண்டிருந்தார். 1993இல் இலங்கை அதிபர் பிரேமதாசா கொழும்பில் மே தின ஊர்வலத்தின் நடுவே நின்றார். மூவரையும் பறித்தது காருக்கு வெளியே இருந்த சில அடி தூரமே.

அப்படியானால் கவசக் கார் வீண் செலவா என்று கேட்கலாம். இல்லை. 1963இல் கென்னடி திறந்த காரில் சுடப்பட்டார்; 1998இல் ஜார்ஜிய அதிபர் ஷெவர்த்நாத்சே கடும் தாக்குதலிலும் தப்பியதற்கு அவருடைய கவச மெர்சிடிஸ் முக்கியக் காரணம். அடுக்கடுக்கான கண்ணாடியும் காற்றிறங்கினாலும் ஓடும் டயரும் உயிர் காப்பவை. வாஜ்பாய் காலத்தில் அம்பாசடரின் இடத்துக்கு பி.எம்.டபிள்யூ வந்ததும் நியாயமே. ஆனால் கார் காப்பது பயணத்தை மட்டும். மக்களாட்சியில் தலைவர் இறங்கித்தான் ஆக வேண்டும். 1989இல் பதவி போனதும் ராஜீவுக்குச் சிறப்புப் பாதுகாப்புப் படையின் காவலும் போயிற்று. அவர் இறந்த பிறகே, முன்னாள் பிரதமர்களுக்கும் அந்தக் காவல் கிடைக்கச் சட்டம் திருத்தப்பட்டது. இரும்பைத் தடிப்பாக்கும் அக்கறையில் பாதியாவது, தலைவர் இறங்கி நடக்கும் மைதானத்தின் ஒழுங்குக்கும் வேண்டும்.