கரும் ஆற்றலும் கட்டமைப்பு வளர்ச்சியும்: ஒப்பீட்டை எங்கே பிணைப்பது?

விண்மீன் திரள்களின் கொத்துகள் உருவாவதைக் கரும் ஆற்றல் மட்டுப்படுத்துகிறதா, மிகுவிக்கிறதா? ஒரே மாதிரியை வைத்துக்கொண்டு இரண்டு விடைகளையும் பெறலாம். ஒப்பீட்டை எந்தக் காலத்தில் பிணைக்கிறோம் என்பதே விடையைத் தீர்மானிக்கிறது. ஆய்வுகள் பலவும் அத்தேர்வைச் செய்முறைக் குறிப்பாகவே கடந்துபோகின்றன. அது இயற்பியல் சார்ந்த முடிவு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வழக்கமான பல்துகள் உருவகப்படுத்தலில் கரும் ஆற்றல் எந்தத் துகளையும் நேரடியாகத் தொடுவதில்லை. அது வெளியெங்கும் சீராகப் பரவியிருப்பதாகக் கொள்வதால், அண்டம் விரிந்த வரலாற்றின் வழியாக மட்டுமே கணக்கில் நுழைகிறது. விரிவு விரைந்தால், அடர்ந்த இடங்கள் பொருளைத் தம்பால் சேர்த்துக்கொள்வது தளரும். பொருள் 30 விழுக்காடும் மீதி அண்டவியல் மாறிலியுமாக உள்ள அண்டத்தில் இன்றைய நேரியல் வளர்ச்சி, பொருள் மட்டுமே நிறைந்த அண்டம் எட்டியிருக்கும் அளவில் ஏறத்தாழ 78 விழுக்காடு.

இப்போது, கரும் ஆற்றலின் அழுத்தத்துக்கும் அடர்த்திக்குமான விகிதம், அண்டவியல் மாறிலிக்குரிய −1 அல்லாமல் −0.8 என்று கொள்வோம். இத்தகைய கரும் ஆற்றல் முன்னதாகவே மேலோங்கும். நுண்ணலைப் பின்னணி காட்டும் தொடக்க ஏற்றத்தாழ்வை இரு அண்டங்களுக்கும் பொதுவாக வைத்தால், இன்று இம்மாதிரியில் பெருங்கொத்துகள் குறைவு. மாறாக, ஏற்றத்தாழ்வின் இன்றைய வீச்சான சிக்மா 8ஐப் பொதுவாக வைத்தால், கடந்த காலத்தில் கொத்துகள் மிகுதி. சமன்பாடு மாறவில்லை, பிணைத்த இடமே மாறியது.

அருகிலுள்ள கொத்துகளையே நம்பகமாக எண்ண முடிகிறது, எனவே இன்றைய வீச்சில் பிணைப்பதே முறை என்று வாதிடலாம். ஆனால் தொடக்க வீச்சிலிருந்து இன்றைய வீச்சு எப்படி வந்தது என்பதுதான் நாம் கேட்கும் கேள்வி. விடையை முன்கூட்டியே உள்ளீடாக வைத்தால் சோதனைக்கு என்ன மிஞ்சும்? பெருங்கொத்துகளின் எண்ணிக்கை இந்த வீச்சுக்கு மிகக் கூர்மையாக எதிர்வினை காட்டுகிறது என்பதையும் மறக்கலாகாது. 2005இல் வெளியான மில்லேனியம் உருவகப்படுத்தல் 1000 கோடிக்கும் மேற்பட்ட துகள்களைக் கொண்டு, சிக்மா 8 மதிப்பை 0.9 என வைத்து ஓடியது. பிளாங்க் செயற்கைக்கோள் பின்னர் தந்த மதிப்பு ஏறத்தாழ 0.81. கரும் ஆற்றலின் வகை மாறாமலேயே கொத்துகளின் எண்ணிக்கையைப் பெரிதும் மாற்ற இந்த இடைவெளி போதும்.

எனவே நுண்ணலைப் பின்னணியில் பிணைப்பதே நேர்மையானது. அப்போதும் ஒரு தடை உண்டு: கருந்துளைகள் வெளியேற்றும் வாயு, சிறு அளவுகளில் பொருளின் திரட்சியைக் குறைத்து, கரும் ஆற்றலின் விளைவுபோலவே தோன்றும். இங்கே கொத்துகளைச் சூழ்ந்த கரும்பொருள் ஒளிவட்டங்களின் மையச் செறிவு கைகொடுக்கிறது. அது ஒளிவட்டம் உருவான காலத்தின் அடர்த்தியைத் தன்னுள் தாங்கி நிற்கிறது என்பதை 2004இல் டோலாக் குழுவினரின் உருவகப்படுத்தல்கள் காட்டின. செறிவையும் வாயு ஓரளவு கலைக்கும். ஆகவே பல காலங்களின் எண்ணிக்கையோடு சேர்த்தே அதைப் படிக்க வேண்டும்.

விண்மீன் திரள்களின் பரவலை அளக்கும் டெசி அளவாய்வின் 2025 முடிவுகளுக்குப் பின் இந்தத் தேர்வு அவசரமாகிவிட்டது. பின்னணிக் கதிர்வீச்சு, மீயொளிர் விண்மீன் தரவுகளுடன் சேர்க்கையில் அவை, மாறும் கரும் ஆற்றலை 2.8 முதல் 4.2 சிக்மா வரையான புள்ளியியல் உறுதியுடன் ஆதரிக்கின்றன. அழுத்தத்துக்கும் அடர்த்திக்குமான விகிதம் முன்பு −1க்குக் கீழும் இன்று மேலும் இருந்தால், வளர்ச்சியில் இரு விளைவுகளும் ஒன்றையொன்று பெருமளவு ஈடுசெய்யக்கூடும். எஞ்சும் சிறு வேறுபாட்டை, தவறான இடத்தில் பிணைத்த ஒப்பீடு முற்றாக விழுங்கிவிடும்.