தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம்

சென்னைப் பெருநகர் நீங்கலாக மாநிலமெங்கும் குடிநீர், பாதாளச் சாக்கடைத் திட்டங்களை வகுத்துக் கட்டும் அரசு வாரியம். 1970ஆம் ஆண்டுச் சட்டப்படி 1971 ஏப்ரல் 14 முதல் இயங்குகிறது. சென்னைக்குத் தனி வாரியம் 1978இல் அமைந்தது.

நீராதாரத்தை ஆய்ந்து, திட்டமிட்டு, கட்டி முடித்தபின் ஒற்றை ஊருக்கான திட்டத்தை உள்ளாட்சியிடம் ஒப்படைப்பதே வழக்கம். பல ஊர்களுக்கான கூட்டுக் குடிநீர்த் திட்டங்களைப் பெரும்பாலும் வாரியமே பராமரிக்கிறது. காவிரி நீரை ராமநாதபுரத்துக்குக் கொண்டுசெல்வதும், புளோரைடு மிகுந்த தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கான ஒகேனக்கல் திட்டமும் இவ்வகை. மாவட்ட ஆய்வகங்களில் நடக்கும் நீர்ப் பரிசோதனை அதிகம் பேசப்படாத பணி; ஆனால் உடல்நலத்தைக் காப்பதில் அதற்கு இணையில்லை.

ஏரிகளும் அணைகளும் இதன் பொறுப்பல்ல. அவை பெரும்பாலும் நீர்வளத் துறையுடையவை. தொழில்பகுதியான ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டு போன்ற ஊர்களில் எது யாருடைய பொறுப்பு என்ற இந்தப் பிரிவினை முக்கியமானது. அங்கே தெருக்குழாய் ஊராட்சியின் பொறுப்பு, தொழிற்பூங்காவின் தண்ணீர் அரசுத் தொழில் மேம்பாட்டு நிறுவனமான சிப்காட்டின் பொறுப்பு. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்காகக் கோயம்பேட்டில் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையமோ சென்னை வாரியத்துடையது; அதன் திறன் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர். ஆலைகள் மறுசுழற்சி நீருக்கு மாறும் அளவுக்குச் சுற்றுவட்டாரக் கிணறுகளின் சுமை குறையும் என்பதால், இம்மாற்றம் இன்னும் விரைவாக நடக்க வேண்டும்.