கார் சாவி: மின்னணுப் பாதுகாப்பும் மாற்றுச் சாவியும்

இன்றைய கார் சாவி ஒரே கூட்டுக்குள் அடங்கிய இரண்டு பொருள்கள். ஒன்று, கதவையும் ஸ்டியரிங் பூட்டையும் திறக்கும் உலோகத் தகடு. மற்றொன்று, இந்த வண்டியைக் கிளப்ப எனக்கு உரிமை உண்டு என்று இன்ஜினிடம் நிரூபித்துக் காட்டும் ரகசிய எண். தகடு மட்டும் போயிருந்தால், கடைத்தெருவில் சாவி போடுபவர் சிறிது நேரத்தில் புதியதை வெட்டிக் கொடுத்துவிடுவார். ரகசிய எண்ணும் சேர்ந்து போகும்போதுதான் செலவு, காத்திருப்பு, ஆவணம் எல்லாம் வந்து சேர்கின்றன. சாவியைத் தொலைத்தவருக்கு எழும் சந்தேகம் நியாயமானது: இவ்வளவு சிரமமும் பாதுகாப்புக்காகவா, வாடிக்கையாளரைத் தன் பிடியிலேயே வைத்துக்கொள்ள வாகன நிறுவனம் செய்யும் ஏற்பாடா? இரண்டும் கலந்தே இருக்கின்றன. ரகசிய எண்ணைக் காப்பதற்காக வரும் சிரமம் ஏற்கத்தக்கது. அந்த எண்ணைச் சுற்றி நிறுவனங்கள் எழுப்பிய மறைப்புச் சுவர்களால் வரும் சிரமம் திருடரைத் தடுத்ததாகத் தெரியவில்லை. கடந்த நாற்பதாண்டு அனுபவத்தைப் பார்த்தால் இந்த வேறுபாடு தெளிவாகப் புலப்படுகிறது.

உலோகச் சாவி மட்டும் இருந்த காலத்தில் ஒரு பூட்டின் வலிமை சாவியில் உள்ள வெட்டுகளோடு முடிந்துவிட்டது. சாவியைச் சில நிமிடம் கையில் வாங்கியவர் அச்செடுத்துக் கள்ளச்சாவி செய்துகொள்ள முடியும். சாவியே இல்லாதவரும் ஸ்டியரிங்கின் அடியில் உள்ள வயர்களை இணைத்து வண்டியைக் கிளப்ப முடியும். 1986-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் கார்வெட் காரின் சாவித் தகட்டில் ஒரு சிறிய மின்தடை வில்லையைப் பதித்தது. தடையின் அளவு பொருந்தாவிட்டால் வண்டி சில நிமிடங்களுக்கு ஸ்டார்ட் ஆகாது. ஆனால் இருந்தவை பதினைந்து அளவுகள் மட்டுமே. பதினைந்து மாதிரிகளும் கையில் உள்ள, பொறுமையான திருடனுக்கு அது பெரிய தடையல்ல. இருந்தாலும் சரியான கேள்வியை முதலில் கேட்டது அந்த வில்லைதான்: பூட்டு சுழன்றால் போதுமா, சுழற்றுவது யார் என்று இன்ஜின் அறிய வேண்டாமா?

அதற்கான முழு விடை 1990-களில் வந்த இம்மொபிலைசர். சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசி மணியைவிடச் சற்றே பெரிய டிரான்ஸ்பாண்டர் என்ற சிப் இருக்கிறது. அதற்கு பேட்டரி கிடையாது. சாவியை நுழைத்துத் திருப்பியதும், பூட்டைச் சுற்றியிருக்கும் கம்பிச்சுருள் 125 அல்லது 134.2 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் காந்தப்புலத்தை எழுப்புகிறது. அந்தப் புலத்திலிருந்தே சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெறுகிறது. கார் ஒரு தற்செயல் எண்ணை அனுப்பும். சிப் தன்னிடமுள்ள ரகசிய எண்ணோடு அதைச் சேர்த்துக் கணக்கிட்டு விடையை மட்டும் திருப்பி அனுப்பும். காரும் அதே கணக்கைத் தனியே போட்டுப் பார்க்கும். இரண்டு விடைகளும் ஒன்றானால்தான் இன்ஜினை ஆளும் கணினி எரிபொருளையும் தீப்பொறியையும் விடும். சில வண்டிகளில் தவறான சாவி போட்டால் இன்ஜின் ஓரிரு நொடி உறுமிவிட்டு அடங்கிப்போவது இதனால்தான். ரகசிய எண் ஒருமுறைகூடக் காற்றில் பயணிப்பதில்லை என்பதும், ஒவ்வொரு முறையும் கேள்வி மாறுவதால் நேற்றைய விடை இன்று செல்லாது என்பதும் இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி.

இது பலன் தந்ததா என்பதற்குக் கைவசம் சான்று இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1998 முதல் புதிய கார்கள் எல்லாவற்றிலும் இம்மொபிலைசரைக் கட்டாயமாக்கியது. ஆஸ்திரேலியா 2001-லும் கனடா 2007-லும் அதைப் பின்பற்றின. நெதர்லாந்தின் திருட்டுப் பதிவுகளை ஆராய்ந்த வான் அவர்ஸ், வோலார்ட் என்ற இரு பொருளியலாளர்கள், 1995 முதல் 2008 வரை இந்தக் கருவி கார் திருட்டைச் சராசரியாகச் சுமார் 40 விழுக்காடு குறைத்தது என்று கணித்தனர். இதைவிட அழுத்தமான சான்று, கருவி இல்லாத இடத்திலிருந்து வந்தது. அமெரிக்காவில் இம்மொபிலைசர் சட்டப்படி கட்டாயமில்லை. அங்கே 2015-ஆம் ஆண்டு மாடல்களில் மற்ற நிறுவனங்களின் கார் வகைகளில் 96 விழுக்காட்டில் அது வழக்கமான அம்சமாக இருந்தபோது, ஹூண்டாய், கியா கார்களில் 26 விழுக்காட்டில்தான் இருந்தது. 2021-இல் மில்வாக்கி நகரில் தொடங்கி, மறு ஆண்டு டிக்டாக் காணொளிகள் வழியே நாடெங்கும் பரவிய திருட்டு அலையில் பதின்ம வயதினர் இந்தக் கார்களைத்தான் குறிவைத்தனர். குறைந்தது 14 விபத்துகளையும் 8 மரணங்களையும் அதனோடு தொடர்புபடுத்தியது அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு. ஏறத்தாழ 83 லட்சம் வண்டிகளுக்கு மென்பொருள் திருத்தம் தர வேண்டியதாயிற்று. எல்லைக்கு அப்பால் கனடாவில் அதே நிறுவனங்களின் கார்களில் சட்டத்தின் காரணமாக இம்மொபிலைசர் இருந்தது. அங்கே இந்தத் திருட்டு வழி பலிக்கவில்லை. சில நூறு ரூபாய் பெறுமான ஒரு சிப்பை மிச்சப்படுத்தியதற்கு உயிர்கள் விலையாகப் போயின.

இங்கே ஒரு மறுப்பு வரும். சிப் சாவிகளையும் ஆய்வாளர்கள் அடுத்தடுத்து உடைத்துக்காட்டவில்லையா, பிறகு இந்தச் செலவுக்கு என்ன நியாயம் என்பது அது. உடைத்துக்காட்டியது உண்மை. ஆனால் எங்கே உடைந்தது என்று பார்க்க வேண்டும். டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப்பின் ரகசிய எண் 40 பிட் நீளம், அதாவது சுமார் 1.1 லட்சம் கோடி சாத்தியங்கள். கேட்கப் பெரிதாகத் தோன்றும் இந்த எண்ணிக்கையை 2005-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஆர்எஸ்ஏ ஆய்வகத்தாரும் 16 சிப்புகளை இணையாக ஓடவிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் துழாவி முடித்தனர். 48 பிட் கொண்ட ஹிடாக்-2 சிப் 2012-இல் விழுந்தது. 96 பிட் கொண்ட மெகாமோஸ் சிப்பின் பலவீனத்தைக் கண்டுபிடித்தவர்கள் அதை வெளியிடாமல் தடுக்க 2013-இல் ஃபோக்ஸ்வாகன் இங்கிலாந்து உயர் நீதிமன்றத்தில் தடையுத்தரவு வாங்கியது. கட்டுரை இரண்டாண்டு கழித்து, ஒரே ஒரு வாக்கியம் நீக்கப்பட்ட நிலையில் வெளிவந்தது. அதே குழுமத்தின் ரிமோட்டுகளை 2016-இல் ஆராய்ந்தபோது, உலகெங்கும் விற்ற கோடிக்கணக்கான கார்கள் வெறும் சில பொது ரகசிய எண்களையே பகிர்ந்துகொண்டிருந்தது தெரியவந்தது. 2020-இல் வந்த மற்றோர் ஆய்வு, 80 பிட் சிப் வைத்திருந்த டொயோட்டா சாவிகள் பலவற்றில் ரகசிய எண் சாவியின் வரிசை எண்ணிலிருந்தே உருவாக்கப்பட்டதையும், அந்த வரிசை எண்ணைச் சாவியே கேட்பவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்ததையும் வெளிப்படுத்தியது.

இந்தத் தோல்விகள் எல்லாவற்றுக்கும் பொதுவான காரணம் ஒன்று உண்டு. கணக்கிடும் முறையை நிறுவனங்கள் ரகசியமாக வைத்தன. ஆனால் ரகசியமாக இருக்க வேண்டிய எண்ணைச் சிறிதாகவோ பொதுவாகவோ ஊகிக்கத்தக்கதாகவோ விட்டுவிட்டன. முறை முழுவதும் எதிரியின் கையில் சிக்கினாலும் திறவு எண் ஒன்று மட்டும் காக்கப்பட்டால் அமைப்பு நிற்க வேண்டும் என்று குறியாக்கவியல் அறிஞர் ஆகஸ்ட் கெர்க்கோஃப்ஸ் 1883-லேயே எழுதிவிட்டார். அந்த விதி தலைகீழாகக் கடைப்பிடிக்கப்பட்டது. முறையை மூடி வைப்பதன் தீங்கு பலவீனம் ஒளிந்திருப்பதோடு நிற்பதில்லை, அது அகற்றப்படாமலும் போகிறது. 2005-இல் உடைந்த அதே 40 பிட் முறை 2018-இல் டெஸ்லா மாடல் எஸ் காரின் சாவியில் இருந்ததைப் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டு, சில நொடிகளில் நகலெடுத்துக்காட்டினர். இதற்கு நேர்மாறானது ஏஇஎஸ் என்ற குறியாக்க முறை. பகிரங்கப் போட்டியில் உலகெங்கும் உள்ள வல்லுநர்கள் முட்டி மோதிப் பார்த்த பின் 2001-இல் அமெரிக்கா அதைத் தரமாக ஏற்றது. அதை வடிவமைத்த இருவரும் அதே லூவன் பல்கலைக்கழகத்தில் பயின்றவர்கள். அதன் ஒவ்வோர் அடியும் பாடநூலில் அச்சாகியிருக்கிறது. ஆனாலும் 128 பிட் திறவு எண்ணை முழுதாகத் துழாவி முடிக்க இன்றைய கணினிகளால் ஆகாது. புதிய கார் சாவிகள் இந்த முறைக்கு நகர்ந்துவருவது நல்ல செய்தி.

பையிலேயே கிடந்து கதவைத் திறக்கும் ஸ்மார்ட் சாவி வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தது. இதில் கணக்கு சரியாகவே நடக்கிறது; தூரம்தான் பொய்யாகிறது. வீட்டுக்குள் ஆணியில் தொங்கும் சாவிக்கும் வாசலில் நிற்கும் காருக்கும் இடையே திருடர் இருவர் சிக்னலைக் கடத்திவிட்டால், சாவி பக்கத்தில் இருப்பதாகக் கார் நம்பிவிடும். சூரிச்சின் இடிஹெச் ஆய்வாளர்கள் 2011-இல் 8 நிறுவனங்களின் 10 மாடல்களைச் சோதித்தபோது பத்தும் ஏமாந்தன. சிக்னல் போய்வர ஆகும் நேரத்தை அளக்கும் அல்ட்ரா வைடு பேண்ட் தொழில்நுட்பம் இதற்கு உரிய தீர்வு. ஒளி ஒரு நானோநொடியில் கடப்பது சுமார் 30 சென்டிமீட்டர். எவ்வளவு வேகமாகக் கடத்தினாலும் கூடுதல் தூரத்துக்கான நேரத்தை மறைக்க முடியாது. அந்த வசதி இல்லாத சாவியை உலோக டப்பாவுக்குள் வைப்பதும் உதவும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஸ்மார்ட் சாவியின் பேட்டரி தீர்ந்தால் பலர் பதறுகிறார்கள். பேட்டரி இல்லாத பழைய சிப்பும் பெரும்பாலான ஸ்மார்ட் சாவிகளுக்குள் இருக்கிறது. பல கார்களில் சாவியை ஸ்டார்ட் பட்டனை ஒட்டிப் பிடித்தால் இன்ஜின் கிளம்பிவிடும். கதவைத் திறக்க, உள்ளே செருகியிருக்கும் சிறிய உலோகச் சாவியை உருவிக்கொள்ளலாம்.

இனி தொலைந்த சாவிக்கு வருவோம். ஒரு சாவி கையில் இருக்கும்போது இன்னொன்று சேர்ப்பதும், எல்லாச் சாவிகளும் போனபின் புதிதாகத் தொடங்குவதும் வெவ்வேறு வேலைகள். ஃபோர்டின் பல மாடல்களில் பதிவான இரண்டு சாவிகள் இருந்தால் உரிமையாளரே சில நொடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக அவற்றைத் திருப்பி மூன்றாவதைச் சேர்த்துக்கொள்ள முடிந்தது. இரண்டும் இல்லையென்றால் கருவி வேண்டும், கருவியை மாட்டிய பிறகும் கார் பத்து நிமிடம் காக்க வைக்கும். ஓடிவந்து செய்ய நினைக்கும் திருடனுக்கு அந்தப் பத்து நிமிடமே தடை. 1990-களின் ஃபியட் கார்களோடு சிவப்பு நிறத் தாய்ச்சாவி ஒன்று வந்தது. மற்றச் சாவிகளைப் பதிவுசெய்வதே அதன் வேலை. அதைத் தொலைத்தால் இன்ஜின் கணினியையே மாற்றும்படி ஆகலாம். இத்தகைய ஏற்பாடு பாதுகாப்பின் பெயரால் கொடுத்த தண்டனை என்றே கருத வேண்டும். சாவி தொலைவது குற்றமல்ல, அன்றாடம் நடப்பது. இப்போது வழக்கமான வழி இது: ஆர்.சி. புத்தகத்தையும் அடையாள அட்டையையும் சரிபார்த்து, சேசிஸ் எண்ணைக் கொண்டு நிறுவனத்தின் பதிவிலிருந்து வெட்டு எண்ணையும் அனுமதிக் குறியீட்டையும் பெற்று, தகட்டை வெட்டி, சிப்பைக் காரின் நினைவகத்தில் பதிவுசெய்வது.

அந்தப் பதிவை நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் மட்டும்தான் செய்ய வேண்டுமா? வெளியாருக்குக் கருவி கிடைத்தால் திருடருக்கும் கிடைக்கும் என்ற வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. சாவி பதியும் கருவிகளைத் திருடர் பயன்படுத்துவது உண்மை. ஆனால் அவர்கள் அதற்காக எந்த அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. பூட்டிய கதவு நேர்மையான பூட்டுத் தொழிலாளியைத்தான் வெளியே நிறுத்தியது. அமெரிக்காவில் என்ஏஎஸ்டிஎஃப் என்ற அமைப்பு பின்புலம் சரிபார்க்கப்பட்ட பூட்டுத் தொழிலாளிகளைப் பதிவுசெய்து, அவர்களுக்குச் சாவிக் குறியீடுகளைப் பெற வழி தருகிறது. வாடிக்கையாளரே உரிமையாளர் என்பதற்கான சான்றைத் தொழிலாளி வாங்கி வைக்க வேண்டும், யார் எப்போது எந்த வண்டிக்குக் கேட்டார் என்பது பதிவாகும். ஐரோப்பாவில் 2021-இல் வந்த விதியின்படி செர்மி என்ற அதே மாதிரியான ஏற்பாடு நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆளையும் வண்டியையும் சரிபார்த்துத் தடம் வைப்பதே பாதுகாப்பு. இந்தியாவிலும் இப்படியொரு பதிவேடு வந்தால் சிறு ஊர்க் கடைக்காரருக்குப் பிழைப்பு, வண்டிக்காரருக்கு நியாயமான விலை, காவல்துறைக்கு விசாரிக்க ஓர் ஆதாரம் எல்லாம் கிடைக்கும்.

சாவி தொலைந்தவர் பெரும்பாலும் புதியது கிடைத்ததும் நிம்மதியாகிவிடுகிறார். தொலைந்த சாவியைக் காரின் நினைவகத்திலிருந்து நீக்கும் வேலை அப்படியே நின்றுபோகிறது. நீக்காதவரை அந்தப் பழைய சாவி எங்கே கிடந்தாலும் வண்டியை ஓட்டிச்செல்லும் உரிமையோடுதான் கிடக்கிறது. நீக்கினால் இன்ஜின் கிளம்பாது. ஆனால் உலோகத் தகடு கதவைத் திறக்கும் என்பதால், திருடுபோன சாவியாக இருந்தால் பூட்டையும் மாற்றுவது நல்லது. வண்டி திருடுபோய் இழப்பீடு கோரும்போது இரண்டு சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்வது நம் காப்பீட்டு நிறுவனங்களின் வழக்கம். ஆகவே சாவி தொலைந்ததும் காவல் நிலையத்தில் எழுத்தில் தெரிவித்து ரசீது வாங்கி வையுங்கள். பழைய கார் வாங்குவோர் இரண்டு சாவிகளையும், சாவி எண் பொறித்த சிறு வில்லை இருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள். வாங்கிய கையோடு சர்வீஸ் சென்டரில் எத்தனை சாவிகள் பதிவாகியுள்ளன என்று கேளுங்கள். பல கார்களில் கருவியை மாட்டியதும் அந்த எண்ணிக்கை திரையில் தெரியும். உங்கள் கையில் இரண்டு இருந்து திரையில் மூன்று தெரிந்தால், எல்லாவற்றையும் அழித்து உங்கள் இரண்டையும் மட்டும் மறுபடி பதியச் சொல்லுங்கள்.