வீதிச் சைக்கிளா, நேரப்போட்டிச் சைக்கிளா?

2023 ஜூலை 18. பிரான்சின் பாசியில் இருந்து கொம்புளூ வரை 22.4 கிலோமீற்றர் தனிநபர் நேரப்போட்டி. டூர் டி பிரான்ஸின் 16ஆவது கட்டம் அது. முதலிடத்தில் இருந்த டென்மார்க் வீரர் யோனாஸ் விங்ககோருக்கும் ஸ்லோவேனியாவின் தடேய் பொகாச்சருக்கும் இடையில் வெறும் 10 செக்கன்களே வித்தியாசம்.

பாதையில் டொமோன்சி என்ற செங்குத்தான ஏற்றம் இருந்தது. இரண்டரைக் கிலோமீற்றர் நீளம், சராசரிச் சாய்வு 9 வீதத்துக்கு மேல். அதன் அடிவாரத்தில் பொகாச்சர் நேரப்போட்டிச் சைக்கிளை விட்டிறங்கி, பாரம் குறைந்த வீதிச் சைக்கிளில் ஏறினார். விங்ககோர் மாறவில்லை. முடிவில் விங்ககோர் 1 நிமிடம் 38 செக்கன்களால் வென்றார்.

சைக்கிளை மாற்றியதால்தான் பொகாச்சர் தோற்றார் என்று சொல்லிவிட முடியாது. ஏற்றத்துக்கு முன்பே விங்ககோர் அவரை முந்தியிருந்தார். 2020இல் லா பிளான்ஷ் தே பெல் ஃபீய் மலையில் முடிந்த நேரப்போட்டியில் இதேபோல் சைக்கிள் மாற்றிய பொகாச்சர், அந்தக் கட்டத்தையும் டூரையும் சேர்த்தே வென்றார். எந்தச் சைக்கிள் சிறந்தது என்பதற்குப் பாதைதான் பதில் சொல்கிறது.

வித்தியாசம் எங்கே?

சமதரையில் வேகமாக ஓடுபவருக்கு முதல் எதிரி காற்று. வேகம் இரு மடங்கானால், காற்றை வெல்ல மட்டும் எட்டு மடங்கு வலு தேவை. அந்தக் காற்றுத் தடையின் பெரும்பகுதி ஓடுபவரின் உடலால் வருவது.

நேரப்போட்டிச் சைக்கிள் அந்த உடலை ஒடுக்குவதற்காகச் செய்யப்பட்டது. ஆசனம் முன்தள்ளி இருக்கும். முழங்கைகளைத் தாங்கிகளில் ஊன்றி, முன்னே நீண்ட இரு கம்பிகளைப் பிடிக்க வேண்டும். முதுகு தரைக்குச் சமாந்தரமாகத் தாழும். கியர் மாற்றிகள் அந்தக் கம்பிகளின் நுனியில் இருக்கும். பிறேக்கோ பக்கத்து ஹான்டிலில் இருக்கும். திடீரென ஒரு நாய் குறுக்கே வந்தால், கையை எடுத்து மாற்றிய பின்னரே பிறேக் பிடிக்கலாம்.

வீதிச் சைக்கிளில் பிறேக்கும் கியரும் எப்போதும் கைக்கு எட்டும். வளைவில் திரும்புவதும், எழுந்து நின்று மிதித்து ஏற்றம் ஏறுவதும் இலகு. ஏற்றத்தில் வேகம் குறைவதால் காற்றின் பங்கு குறைந்து, பாரத்தின் பங்கு கூடுகிறது. சர்வதேச சைக்கிளோட்ட ஒன்றியம் இரண்டுக்கும் ஒரே குறைந்தபட்ச எடையான 6.8 கிலோவை விதித்திருந்தாலும், நேரப்போட்டிச் சைக்கிள்களை அந்த அளவுக்குக் குறைப்பது கடினம்.

கூட்டத்தில் இடமில்லை

எல்லோரும் ஒன்றாகப் புறப்படும் வீதிப் போட்டிகளில் முன்நீட்டுக் கம்பிகளுக்கு அனுமதி இல்லை. சக்கரத்தோடு சக்கரம் உரசும் நெருக்கத்தில், பிறேக்கில் இருந்து கை விலகியிருப்பது ஆபத்து. நண்பர்களோடு குழுவாக ஓடும்போதும் இதே நியாயம் பொருந்தும். தவிரவும், முன்னால் செல்பவரின் பின்னே ஒட்டி ஓடும்போது காற்றுத் தடை ஏற்கெனவே பெருமளவு குறைந்துவிடுகிறது.

எதை வாங்குவது?

முதல் சைக்கிள் என்றால் வீதிச் சைக்கிள்தான். பயிற்சி, குழு ஓட்டம், ஏற்றம், நெரிசலான தெரு எல்லாவற்றுக்கும் அது ஈடுகொடுக்கும். நேரப்போட்டிகளிலோ, பிறர் பின்னே ஒட்டி ஓடத் தடையுள்ள நீண்ட தூர ட்ரையத்லன்களிலோ தொடர்ந்து பங்குபற்றுபவர்களுக்கே இரண்டாவது சைக்கிள் பொருள் தரும். கொழும்பில் 2018இல் நடந்த அயன்மேன் 70.3 போட்டியின் 90 கிலோமீற்றர் சைக்கிளோட்டம் அத்தகையது.

இடைவழியும் உண்டு. வீதிச் சைக்கிளின் ஹான்டிலிலேயே முன்நீட்டுக் கம்பிகளைப் பூட்டலாம். புதுச் சைக்கிளின் விலையில் சிறு பங்குதான் செலவாகும். இந்தக் கம்பிகளின் பலத்தை உலகம் கண்டது 1989 டூரின் இறுதி நாளில். 50 செக்கன்கள் பின்தங்கியிருந்த அமெரிக்கர் கிரெக் லெமொன்ட் அவற்றைப் பூட்டிக்கொண்டு 24.5 கிலோமீற்றர் ஓடினார். அவை இல்லாமல் ஓடிய லோரோன் ஃபின்யோன் 58 செக்கன்களை இழந்தார். மூன்று வாரப் போட்டி 8 செக்கன்களில் முடிந்தது.

பூட்டினால் மட்டும் போதாது. தாழ்ந்த நிலையில் நெடுநேரம் மிதிக்க இடுப்பும் கழுத்தும் பழக வேண்டும். வாகனம் குறைந்த நேரான வீதியில் சில வாரங்கள் பழகிப் பாருங்கள். அரை மணித்தியாலம்கூட அப்படி இருக்க முடியாவிட்டால், அதிக விலை கொடுத்து வாங்கும் நேரப்போட்டிச் சைக்கிளும் உங்களை வேகமாக்காது.